இரவுச் சோறு யார்மீது கடமை?

அஸர் தொழுகை முடிந்து பொழுது சாயும் வேளையில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒரு கேள்வி எழுகிறது. "இன்றிரவு என்ன?" கேட்பவர் பெரும்பாலும் வீட்டு ஆண்மகன். விடை சொல்லக் கடமைப்பட்டவளாகக் கருதப்படுபவள் அவ்வீட்டுப் பெண். இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்வோம். பாடலாத்ரி நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஜி.எஸ்.டி. சாலையும் செங்கற்பட்டு மின்சார ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் இவ்வூரிலிருந்துதான் ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் சாலை பிரிகிறது. அருகே 2007ஆம் ஆண்டில் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலை, ஒரகடத்தில் டெய்ம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு வண்டிகள், அப்போலோ டயர்கள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி உழுதுண்ட பிரதேசம் இன்று ஷிப்ட் கணக்கில் வாழ்கிறது. இரவுச் சோற்றின் நேரத்தை இங்கே கம்பெனி பஸ் நிர்ணயிக்கிறது. கணவன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும். மனைவி விடியற்காலை ஷிப்டுக்கு நான்கு மணிக்கே எழவேண்டும். இருவருக்கும் நடுவே பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

இவ்வூர் அடுப்புகளில் இன்றிரவு என்ன வேகும் என்பதற்குப் பெரிய ஊகம் தேவையில்லை. கடையில் வாங்கிய மாவில் தோசையோ இட்லியோ. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி. நேரம் வாய்த்தால் ஒரு ரசம், சுட்ட அப்பளம், முட்டைப் பொரியல். நம்மவர் இல்லங்களில், வெள்ளிக்கிழமையாதலால் பகலில் ஆக்கிய பிரியாணியின் மிச்சம், அல்லது சுண்டவைத்த கறி ஆணமும் இடியாப்பமும். ஒன்றும் இயலாத வீட்டில் சாலையோரக் கடையிலிருந்து நான்கு பரோட்டாவும் பையில் கட்டிய சால்னாவும். வடநாட்டுத் தொழிலாளர் தங்கியிருக்கும் அறைகளில் ரொட்டியும் உருளைக்கிழங்கும்.

இந்தப் பரோட்டாப் பொட்டலத்தில்தான் வழக்கு ஆரம்பமாகிறது. ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களைத் தேடிவந்து குறைப்பட்டுக்கொள்ளும் கணவன்மார் உண்டு. "என் தாயார் உரலில் மாவாட்டி, அம்மியில் மசாலை அரைத்து, சுடச்சுடப் பரிமாறினார்கள். இவளோ கடை மாவையும் பொட்டலத்தையும் வைக்கிறாள். சமைத்துப் போடுவது பெண்ணுக்கு மார்க்கம் விதித்த கடமை அல்லவா? ஹஸரத், நீங்கள் கொஞ்சம் புத்தி சொல்லக்கூடாதா?" புத்தி சொல்லத்தான் வேண்டும். யாருக்கு என்பதைக் கிதாபைத் திறந்து பார்த்தபின் முடிவு செய்வோம்.

திருமறையின் 2ஆம் அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டும் தாயரின் உணவையும் உடையையும் குழந்தையின் தந்தைமீது சுமத்துகிறது. இவ்வடிப்படையில் எழுந்ததே 'நஃபகா' என்னும் பராமரிப்புச் சட்டம். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', காயல்பட்டினம் கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈகள் நெடுங்காலமாகப் போற்றிவரும் நூல். அதன் நஃபகாப் பாடத்தைப் பாருங்கள். வசதி படைத்த கணவன் மனைவிக்கு நாளொன்றுக்கு இரண்டு முத்து தானியமும், ஏழை ஒரு முத்தும், நடுத்தரத்தான் ஒன்றரை முத்தும் தரவேண்டும். தானியத்தை அளந்து போட்டதும் அவன் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா என்றால், இல்லை. அதை அரைத்துத் தருவதும் சுட்டுத் தருவதும் அவன்மீதே சாரும் என்பதுதான் வலுவான கூற்று. தொட்டுக்கொள்ள அவ்வூர் வழக்கப்படி எண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, பேரீச்சை ஆகியவற்றில் ஒன்றும் கொடுக்கவேண்டும். பருவத்துக்குப் பருவம் அது மாறலாம். அவன் சக்திக்கேற்ற இறைச்சியும் உண்டு. சட்டி, பானை, குடம் வாங்குவதும் அவன் பொறுப்பே. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டுவரும் பாடம் இது. "இன்றிரவு என்ன?" என்ற கேள்விக்கு விடையளிக்க வேண்டியவன் கேட்டவனே என்பதுதான் சட்டத்தின் நிலை!

ஹனஃபிகள் வேறு விதமாகச் சொல்கிறார்களே என்று உள்நாட்டு ஊர்க்காரர்கள் ஆட்சேபிக்கலாம். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை பெண்ணின் தார்மிகப் பொறுப்பு என்பது அம்மத்ஹபின் கூற்று. வெளிவேலையை அலீ (ரலி) அவர்களுக்கும் உள்வேலையை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் பெருமானார் (ஸல்) பங்கிட்டதை அதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஹனஃபிச் சட்டநூல்கள், அவள் சமைக்க மறுத்தால் காஜியார் அவளை நிர்ப்பந்திக்க முடியாது என்கின்றன. அவள் நோயுற்றவளாகவோ, தன் கையால் வேலை செய்து பழகாத குடும்பத்தவளாகவோ இருந்தால் கணவன் ஆக்கிய உணவையே கொண்டுவந்து தரவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. ஆக, பரோட்டாப் பொட்டலத்துக்கும் கிதாபில் இடம் இருக்கிறது. அதை வாங்கி வரவேண்டியவர் யார் என்பதில்தான் நம் சகோதரர்களுக்குக் குழப்பம்.

ஃபாத்திமா நாயகியாரின் சரிதையை எடுத்துக்காட்டுவோர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். திரிகை சுற்றிச் சுற்றி அவர்களின் கை காய்த்துப்போனது. பணியாள் கேட்டுத் தந்தையாரிடம் சென்றார்கள். உறங்கப்போகும்போது ஓதும் தஸ்பீஹை அண்ணலார் கற்பித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. மற்றப் பாதி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது: அன்று அலீ (ரலி) அவர்களும், நீர் இறைத்து இறைத்து நெஞ்சே வலிக்கிறது என்று முறையிட்டார்கள். திரிகை ஒருவர் கையில் இருந்தபோது வாளிக் கயிறு மற்றவர் கையில் இருந்தது. கைப்பேசியைப் பார்த்தவாறு கட்டிலில் சாய்ந்துகொண்டு சோற்றுக்குக் காத்திருப்பவர் இச்சரிதையில் யாருடைய இடத்தில் நிற்கிறார்?

இன்னொரு விஷயம். கம்பெனிக்குச் செல்லும் பெண்ணின் சம்பளம், நான்கு மத்ஹபின்படியும் அவளுடைய சொந்தப் பொருள். அதில் ஒரு காசு கேட்கவும் கணவனுக்கு உரிமையில்லை. ஆயினும் அரிசியும் எண்ணெயும் பெரும்பாலும் அதிலிருந்தே வாங்கப்படுகின்றன. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் ஸைனப் (ரலி), தம் பொருளைக் கணவருக்குச் செலவிட்டால் தருமம் ஆகுமா என்று வினவியபோது, உறவைப் பேணிய கூலியும் தருமத்தின் கூலியுமாக இரண்டு உண்டு என்று அண்ணலார் விடையளித்தார்கள். அவள் பணத்தில் வாங்கிய அரிசியை அவளே வடித்துப் போட, உப்புக் குறைந்தது என்று தட்டைத் தள்ளுகிறவன், தருமம் வாங்கிய கையால் தள்ளுகிறான்.

உணவை அண்ணலார் ஒருபோதும் குறை சொன்னதில்லை என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். விருப்பமானால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் நாட்டில் வழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் காலித் பின் வலீத் (ரலி) அதையே ரசித்து உண்டார்கள், தடுக்கவில்லை. மற்றொரு நாள் வீட்டில் தொட்டுக்கொள்ளக் கேட்டார்கள். புளித்த காடியைத் தவிர வேறில்லை என்று வந்தது விடை. அந்தக் காடியையே நல்ல தொடுகறி என்று பாராட்டியவாறு உண்டார்கள். அதே இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப்படாமல் பேரீச்சையும் தண்ணீருமாகக் கழிந்த காலங்களும் உண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறுகிறார்கள். வீட்டில் இருக்கும்போது அண்ணலார் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டதற்கு, குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையார் சொன்னார்கள்.

நமக்குச் சமைக்கத் தெரியாதே என்று ஆண்கள் நழுவ முடியாது. ரமழான் வந்தால் பள்ளிவாசல் முற்றத்தில் ஆளுயரத் தேக்சாவை ஏற்றி, அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் பக்குவமாகச் சேர்த்து, ஊருக்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் ஆண்களே. கல்யாணப் பிரியாணிக்குத் தம் போடுபவரும் ஆண்களே. மற்றப் பதினொரு மாதமும் அந்தக் கரண்டி பிடித்த கை எங்கே போய்விடுகிறதோ! இது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 2024ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகின்றனர். அத்தகைய வேலையில் கைவைக்கும் ஆண்களோ 88 நிமிடம்.

இதனால், பெண்மக்களே, நாளை முதல் கரண்டியைக் கீழே போடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெண்கள் சமைப்பது மனமுவந்து செய்யும் உபகாரம் என்பதே இமாம் நவவீ அவர்களின் தீர்ப்பு. வட்டியும் முதலுமாக வசூலிக்கும் கடன்பாக்கியைப் போல அதைக் கேட்டு நிற்பது முறையாகாது. இத்தீர்ப்பை அவர்கள் எழுதியது, அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) பற்றிய ஹதீஸுக்கு விளக்கம் தரும்போது. எனக்கு மிகப் பிடித்த செய்தி அது. ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது அந்த வீட்டில் ஒரு குதிரையைத் தவிரச் சொல்லத்தக்க சொத்தில்லை. அஸ்மா குதிரைக்குத் தீனி வைப்பார்கள், நீர் சேந்துவார்கள், இரண்டு மைல் தூரத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள், மாவும் பிசைவார்கள். ரொட்டி சுட மட்டும் அவர்களுக்குச் சரியாக வராது! அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் வாய்மை மிக்க பெண்கள் என்று முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள் அஸ்மா. பின்னர் தந்தையார் ஒரு பணியாளை அனுப்பிக் குதிரைப் பொறுப்பை நீக்கியபோது, அடிமைத்தளையிலிருந்து விடுவித்ததுபோல் இருந்தது என்கிறார்கள்.

ரொட்டி சுட்டுத்தர அண்டை வீடு இருந்தவருக்கு அந்தக் கதி. அடுப்பும் இல்லாமல், அண்டை வீடும் இல்லாமல் உண்போர் இத்தொழில் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள திருப்பெரும்புதூருக்கு அப்பால், ஆப்பிள் கைப்பேசிகளைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை. அதன் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விடுதிச் சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருக்கக் கண்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதை மூடினர். தோழியருக்கு என்னாயிற்று என்பது தெரியாத பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் அமர்ந்தனர். மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12ஆம் நாள்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது நல்ல காரியம். அவர்களும் எங்கோ ஒரு கிராமத்தில், "இன்றிரவு என்னம்மா?" என்று கேட்டு வளர்ந்த பெண்கள்தாம்.

விடுதிகளின் சுத்தத்தை அரசாங்கம் பார்க்கட்டும். நம் கைக்கெட்டும் காரியம் வேறு. குழம்பு வைக்கும்போது நீரைச் சற்று அதிகமாக ஊற்றி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் பணித்தார்கள். கறியைக் கூட்டச் சொல்லவில்லை; அது ஏழையால் முடியாது. தண்ணீர் எல்லாராலும் முடியும். அந்த அண்டை வீட்டார் நம் கொள்கையினராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுத்த நாளில், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

உங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன்கள், பக்கத்து அறையில் நான்கு பேராகத் தங்கிக் கம்பெனிக்குப் போகும் பெண்பிள்ளைகள், எதிர் வீட்டில் மனைவி பிரசவத்துக்குப் போயிருக்க ரொட்டித் துண்டோடு காலம் தள்ளும் மனிதர், இவர்களில் யாருக்கேனும் இன்றிரவு ஒரு கிண்ணம் ஆணம் போகட்டும். உங்கள் மனைவி ஆக்கட்டும், கிண்ணத்தைச் சுமந்துகொண்டு நீங்கள் படியேறுங்கள். பாத்திரத்தையும் நீங்களே துலக்கினால் இன்னும் உத்தமம். கோயில் ஊராதலால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சைவ உணவுக்காரர் வீட்டுக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மற்றவர் வீட்டுக்கும் கறி அனுப்பாதீர்கள். பருப்போ, பாயசமோ, நான்கு வாழைப்பழமோ போதும். கிண்ணம் திரும்பி வரத் தாமதமானால் கேட்டு அனுப்பவும் வேண்டா.