தென்றல் எழுதும் கைகள்

'மழை நாள்' என்று கரும்பலகையில் எழுதி, மாணவரைக் கட்டுரை வரையச் சொல்லுங்கள். மறுகணமே கெடா மாநிலமெங்கும் மயில்கள் தோகை விரித்தாடும்! நம் தீபகற்பக் காடுகளில் மயிலினம் அற்றுப்போய் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பதை அவற்றுக்கு யார் சொல்வது? பீடோங்கிலும் கூலிமிலும் பிறந்த பிள்ளை, தன் வீட்டுத் தகரக்கூரையைப் பெயர்க்கப் பார்த்த காற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதான். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்டது, அதற்காக மனனம் செய்விக்கப்பட்ட மாதிரிக் கட்டுரைகள் மட்டும் நீங்க மறுக்கின்றன.

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞரைக் கேட்கிறேன்: கல்லூரி நாள்களில் ஒருமுறையேனும் பெருங்காற்றில் நின்றதுண்டா? காற்றெழுந்ததும் சன்னலை அடைத்துவிட்டுப் பாடக்குறிப்பில் 'இயற்கையை நுகர்தல்' என்று எழுதுவோரே மிகுதி.

நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் 'சுமத்திரா'க் காற்றுக்குக் காத்துக் கிடப்போம். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையில் இரவோடிரவாகத் திரண்டு, விடியும் வேளையில் கரையேறும் காற்று அது. முதலில் புழுக்கம், இலையும் அசையாது. பிறகு மேற்கே ஓர் இரைச்சல். பால்மரக்காடு முழுதும் ஒருபுறமாய்ச் சாயும். இலைகளின் வெளிறிய அடிப்புறம் புரளக் காடே நிறம் மாறும். ஏறத்தாழ 4,000 அடி உயர்ந்த செராய் மலை கண்ணெதிரே காணாமற்போகும். கைலி படபடக்கத் திடலில் நின்று கத்துவோம்; கத்தியது எங்கள் காதுக்கே கேட்காது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று ஒப்பித்த பாடம் அன்றுதான் மேனியில் பட்டது. நம்மை அறைவது கோடை; நாம் எழுதுவதோ தென்றல்!

'விடுதியின் கற்சுவர் காத்தவனுக்குக் காற்று இன்பம். லயத்துக் குடும்பத்துக்கு அது கேளிக்கையா?' என்று கேட்பாருண்டு. நேர்மையான கேள்வி. மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லையேல் கூலி இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எவரும் இதை மறவார். எனினும், காற்று ஓய்ந்ததும் உதிர்ந்த மாங்காய் பொறுக்க முதலில் ஓடியவர்கள் அந்த லயத்துப் பிள்ளைகளே அல்லரோ? அச்சமும் களிப்பும் ஒரே காற்றில்தான் வருகின்றன. 1916இல் புதுச்சேரியைப் புயல் சூறையாடியபோது பாரதியார் அந்த இரவை ஒரு கணவனும் மனைவியும் பேசுவதாகப் பாடினார். பிழைத்து நின்ற தென்னந்தோப்பையும் பாடினார். மயில் ஆடும் கட்டுரையிலோ இன்பமும் இல்லை, லயமும் இல்லை, இழந்த கூலியும் இல்லை. ஏழையின் துன்பத்துக்காகக் காற்றை வெறுப்பவர், அத்துன்பத்தையேனும் எழுதக் கற்பித்தனரா?

கடாரத்து மண்ணில் இருந்துகொண்டு இதைப் பேச நேர்ந்ததே வியப்பு. பூஜாங் பள்ளத்தாக்குக்கு வணிகக் கலங்களைக் கொணர்ந்தது பருவக்காற்று. கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் புகழ்கிறார். அப்பாட்டுக்கு உரை எழுதச் சொன்னால் நம் பயிற்சி மாணவர் பக்கம் பக்கமாய் எழுதுவர். வெளியே கதவு அடித்துக்கொண்டிருக்கும்.

பயிற்றுப்பணிக்கு வருவோரிடம் நான் கேட்பது சிறிது. காற்றெழுந்தால் பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இடிமின்னல் தொடங்கினால் உள்ளே வந்துவிடுங்கள். பிறகு கண்டதை எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரி போதும், மாதிரிக் கட்டுரை மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.