பாலைவன ரோஜா

சென்ற ஆண்டு 'பாலைவன ரோஜா' என்று சொல்லித் தந்த செடியை, ரோஜாவென்றே நம்பி நாள்தோறும் நீர் வார்த்தேன். ஒரே மாதத்தில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. பிழை என்னுடையதே.

அது ரோஜா அன்று, அரளியின் உறவு. ஆப்பிரிக்காவும் தென் அரபகமும் அதன் தாயகம். ஏடன் நகரின் பெயரால் 'அடீனியம்' எனப்படுகிறது. ஏமன் நாட்டில் அதனைக் கண்டெழுதிய ஃபோர்ஸ்காலின் நூல் 1775-இல் வெளிவந்தது. அவரும் அதனை அரளி இனத்திலேயே சேர்த்திருந்தார்.

பானைபோல் பருத்த அடித்தண்டு, கிளை நுனியில் கொத்தான இலைகள், ஐந்திதழ் கொண்ட செந்நிற மலர், கிள்ளினால் வடியும் பால் ஆகியவை அதன் அடையாளங்கள். பருத்த தண்டே அதன் நீர்ச்சேமிப்பு. ஆகவே மணல் மிகுந்த மண்ணும், அடியில் துளையுள்ள தொட்டியும், நல்ல வெயிலும் வேண்டும். மண் நன்கு காய்ந்தபின் நீர் விட்டால் போதும். குளிர்காலத்தில் இலையுதிர்த்தால் பட்டுப்போயிற்றென்று எறிந்துவிடாதீர்கள்; நீரைக் குறையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். அதன் பால் கொடிய நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவினர். கிளை நறுக்கினால் கைகளைக் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நான் இரண்டாவதாக வாங்கிய செடி, சிறார் ஓடியாடும் முற்றத்தில் இல்லை, மாடியில் இருக்கிறது. இம்மாதம் பூத்திருக்கிறது.