செயற்கைக்கோள் பெருக்கமும் இரவு வானமும்: எங்கள் நிலைப்பாடு

விண்வெளித் துறைக்குத் தனியார் வருவதை வானியல் ஆர்வலர்களாகிய நாங்கள் எதிர்க்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டைச் செலுத்தியபோது மனமாரக் கொண்டாடினோம். எங்கள் கவலை வேறு. தாழ்வான சுற்றுப்பாதையில் எத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றலாம், அவை எவ்வளவு ஒளிரலாம் என்பதை இன்று பெரும்பாலும் ஓரிரு பெருங்கோடீஸ்வரர்களின் வணிகத் திட்டங்களே முடிவு செய்கின்றன. இதை ஏற்க முடியாது.

எலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் முதல் 60 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களை ஏவியது 2019 மே மாதத்தில். இன்று இயங்கும் செயற்கைக்கோள்களில் பாதிக்கும் மேல் அந்த ஒரே நிறுவனத்துடையவை. ஜெஃப் பெசோஸ் தொடங்கிய அமேசானும் மூவாயிரத்துக்கு மேல் அனுப்ப அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் படுவதால், அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் இவை பளிச்சிடுகின்றன. சூரியன் இருக்கும் திசையிலிருந்து பூமியை நெருங்கக்கூடிய சிறுகோள்களைத் தேட வானியலாளர்களுக்கு வாய்ப்பதும் அதே சொற்ப நேரம்தான். சிலியில் 8.4 மீட்டர் ஆடியுடன் வானத்தை அகலமாகப் படமெடுக்கும் ரூபின் ஆய்வகத்தின் படங்களிலும் இந்தச் செயற்கைக்கோள்களின் ஒளிக்கோடுகள் விழுகின்றன.

ஸ்பேஸ்எக்ஸ் 2020-இல் கறுப்புப் பூச்சையும் பிறகு வெயில் மறைப்பையும் முயன்றது. அந்த முயற்சியை மதிக்கிறோம். ஆனால் மறைப்பு செயற்கைக்கோள்களுக்கிடையிலான லேசர் தொடர்புக்கு இடைஞ்சல் என்றதும் கைவிட்டுவிட்டது. நிறுவனம் மனமுவந்து தருவதை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். எனவே சட்டம் வேண்டும்.

இந்தியா உறுப்பு நாடாக உள்ள 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு, தனியாரின் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பு என்கிறது. அனுமதி தந்து தொடர்ந்து கண்காணிக்கவும் சொல்கிறது. இங்கே அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பு 2020-இல் அமைச்சரவை முடிவால் பிறந்தது. அதற்கு நாடாளுமன்றச் சட்டத்தின் பலம் இல்லை. 2017-இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. இந்தியா இதில் வெறும் பார்வையாளரும் அல்ல: ஒன்வெப் என்ற இணைய நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை 2022, 2023-இல் இரண்டு தடவையாக ஏவியது நம் எல்விஎம்3 ராக்கெட்தான்.

லடாக்கின் ஹான்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள தொலைநோக்கிகளுக்காக அவ்வூர் மக்கள் விளக்குகளை மறைக்கிறார்கள், சன்னல்களுக்குத் தடித்த திரையிடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இது அநியாயம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துக்கு மேலும் இதே நிலைதான்.

கேபிள் எட்டாத மலையூர்களுக்கும் கடலில் இருப்போருக்கும் செயற்கைக்கோள் இணையம் தேவை என்பதை அறிவோம். சேவையை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தியாவில் சேவை தரும் எந்த நிறுவனத்தின் செயற்கைக்கோளும், இங்கிருந்து ஏவப்படும் எந்தச் செயற்கைக்கோளும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். ஆயுள் முடிந்த 5 ஆண்டுக்குள் சுற்றுப்பாதையை விட்டு இறக்கப்பட வேண்டும். சுற்றுப்பாதைத் தரவு அனைவருக்கும் கிடைக்க வேண்டும். மீறினால் அனுமதி ரத்தாக வேண்டும். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூலையில் தரப்பட்ட ஐந்தாண்டு அனுமதி 2030-இல் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு தொடங்குமுன் இந்த நிபந்தனைகள் அடங்கிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.