நீங்கள் கேட்டவை: எக்ஸ்எல் வண்டியின் ஹெட், போரை வீட்டிலேயே கழற்றலாமா?

‘‘பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கத்திரிக்காய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவது இதில்தான். இப்போது மேட்டில் இழுப்பதில்லை, புகையும் அதிகம். ‘போர், பிஸ்டன் எல்லாம் மாத்தணும், ஒரு வாரம் வண்டியை விட்டுட்டுப் போங்க’ என்கிறார்கள் பட்டறையில். காய்ப்பு நேரத்தில் அது முடியாது. நாமே கழற்றிப் பார்க்கலாமா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

தாராளமாகக் கழற்றலாம். 1980-ல் வந்த டிவிஎஸ் 50 தொடங்கி எக்ஸ்எல் சூப்பர் வரை எல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். மேல்பகுதியில் வால்வு கிடையாது. ஹெட், போர், பிஸ்டன், ரிங் ஆகியவைதான் முக்கியமான பாகங்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு அரை நாள் வேலை. எக்ஸ்எல் 100 வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். அது ஃபோர் ஸ்ட்ரோக், வால்வு உண்டு. அதன் வேலையே வேறு.

ஆனால், ஹெட்டில் கை வைப்பதற்கு முன் சைலன்சரைக் கழற்றுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது. எரியாத மிச்சம் கரியாக மாறி, புகை வெளியேறும் துவாரத்திலும் சைலன்சருக்குள்ளும் படியும். அடுப்புப் புகைபோக்கி அடைத்துக்கொண்ட கதைதான். ‘போர் போச்சு’ என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் சைலன்சர் அடைப்பு மட்டுமே உள்ளவையும் உண்டு. கரியைச் சுரண்டி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, பிளக்கைத் துடைத்து மாட்டி, ஒருமுறை மேடேறிப் பாருங்கள். இழுவை திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை.

திரும்பாவிட்டால், கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கலாம். இப்போது திறக்கலாம்.

கழற்றுவதைவிடக் கழுவுவது முக்கியம். வயல் வண்டியின் எஞ்சின் துடுப்புகளுக்கு இடையே சேறு காய்ந்து மண்ணாக நிற்கும். போரை எடுத்ததும் எஞ்சினின் கீழ்வாய் திறந்துவிடும். அதற்குள் ஒரு சிட்டிகை மணல் விழுந்தாலும் கிராங்க் பேரிங் கெடும். அப்புறம் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். மேல்பகுதி வேலையை வீட்டில் செய்து வம்பில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். எனவே, முதல் நாளே கழுவிக் காயவைத்துவிடுங்கள். களத்திலோ மரத்தடியிலோ பிரிக்காமல், காற்றில் தூசி வராத திண்ணையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் சின்னச் சாமானும் வெள்ளையில் கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் குழாயை மூடிக் கழற்றும்போது பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் நட்டுகளை எதிரெதிர் மூலையாக, கால் திருகு கால் திருகாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பாதீர்கள். அந்த இடத்தில் விழும் கீறல் வழியாகத்தான் பின்னால் காற்று கசியும்.

அடுத்து போர். நேராக, மெதுவாக இழுங்கள். பக்கவாட்டில் திருப்பவே கூடாது. ரிங்கின் முனை துவாரத்தில் மாட்டி ஒடிந்துவிடும். இரண்டு விரல் அளவு நகர்ந்ததும் நிறுத்தி, கீழ்வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டு மீதியை இழுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது போரின் உட்சுவர். நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் லேத் பட்டறையில் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அது வீட்டில் நடக்காது. சுவர் வழவழப்பாக இருந்தால், புதிய ரிங் ஒன்றை வாங்கி வந்து போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே இடத்தில் பழைய ரிங்கையும் வைத்துப் பாருங்கள். பழையதில் மட்டும் இடைவெளி அதிகம் என்றால் ரிங் மாற்றினால் போதும். புதியதிலும் அகலமாகத் தெரிந்தால் போரே தேய்ந்துவிட்டது என்று பொருள். பட்டறைக்காரர் சொன்னது சரியா என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

பிஸ்டன் தலை, ஹெட்டின் உட்புறம், புகைத் துவாரம் ஆகியவற்றில் உள்ள கரியை மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். கத்தியும் உப்புத்தாளும் அலுமினியத்தைக் கீறிவிடும். பிஸ்டனில் கீறல் இல்லை என்றால் அதைக் கழற்றத் தேவையில்லை. கழற்றியே ஆக வேண்டுமென்றால், மெல்லிய மூக்குக் குறடால் சர்க்ளிப்பை எடுத்துவிட்டு, பின்னை மரக்குச்சியால் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். எடுத்த சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். கழற்றும் முன்பே பிஸ்டனின் எந்தப் பக்கம் சைலன்சரைப் பார்க்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது மேலும் கீழும் புதிய பேக்கிங் போடுங்கள். பழைய பேக்கிங்கை ஒட்டிப் போட்டால் காற்று உள்ளே புகும். பெட்ரோல் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் போரோடு பிடித்துக்கொள்ளும். ரிங் பள்ளத்தில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். ரிங் முனைகள் அந்த ஊசியில்தான் சந்திக்க வேண்டும். போரின் உள்ளே 2டி ஆயிலைத் தடவி, ரிங்கை விரலால் அழுத்திப் பிடித்தபடி இறக்குங்கள். இதற்கு மட்டும் வீட்டில் இன்னொருவர் கை தேவைப்படும். துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்!

நட்டுகளை மீண்டும் எதிரெதிர் மூலையாகவே முடுக்குங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறிய பிறகு இன்னொருமுறை முடுக்கிப் பாருங்கள். ரிங் மாற்றியிருந்தால் முதல் சில நாட்கள் மூட்டை ஏற்றாமல் ஓட்டுங்கள்.

இனி ஆயில் விஷயம். ‘அதிகம் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது’ என்று கண்மட்டத்தில் ஊற்றுவதுதான் கரி சேரக் காரணம். குறைந்தால் போர் கீறும். பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் போதும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவு மூடி ஒன்றைச் சீட்டுக்கடியில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.