ஹட்டன் பாதையில் போகும்போது...

சகோதரிகளே! விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்களில் பலர் அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், தலவாக்கலை வழியாக ஏறும் ஏ-7 பாதையில்தான் போகிறோம். டெவன் அருவி தெரிந்துவிட்டால் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கவேண்டுமா! அப்படியே சரிவில் கொழுந்தெடுக்கும் தாய்மாரையும் காட்டுங்கள். அவர்களுடைய முன்னோருக்கு இந்தப் பாதையும் பஸ்ஸும் ஏது? தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்துதான் பலரும் மலையேறினார்கள். அப்போது தேயிலை அல்ல, கோப்பி. கைக்குழந்தையோடு நடந்த தாய்மாரும் உண்டு. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. மாத்தளை வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 12இல். இத்தனைக்கும் இப்போது தார் வீதி!