மூடினால் போதுமா? டால்ஃபின்களுக்கு வேண்டும் கடல் சரணாலயம்

செந்தோசாவில் இயங்கிய ‘அண்டர்வாட்டர் வோர்ல்ட்’ 2016 ஜூன் மாதம் மூடப்பட்டது. அங்கிருந்த இளஞ்சிவப்பு டால்ஃபின்கள் கடலுக்குத் திரும்பவில்லை. சீனாவின் சூஹாய் நகரிலுள்ள வேறொரு கேளிக்கைப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. தொட்டி மாறியது, வாழ்க்கை மாறவில்லை.

ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாவுக்காகச் சாலமன் தீவுகளிலிருந்து 27 டால்ஃபின்கள் வாங்கப்பட்டன. அவற்றில் இரண்டு 2010ல் லங்காவியில் மாண்டன. 2012ல் சிங்கப்பூருக்கு வந்த விமானத்திலேயே இன்னொன்று மாண்டது. அங்குள்ள டால்ஃபின்களைக் காட்சிக்கு வைப்பது ஒருநாள் நிறுத்தப்பட்டால், அவை எங்கே போகும்?

பல ஆண்டுகள் கையால் ஊட்டப்பட்ட டால்ஃபின் இரை தேட மறந்திருக்கும். அதை அப்படியே கடலில் விடுவது கருணை ஆகாது. அதனால்தான் கடல் சரணாலயம் தேவைப்படுகிறது. வலையடைத்த குடாவில் அலையும் உயிர்மீனும் உண்டு, மருத்துவக் கவனிப்பும் உண்டு. தேறியவை விடுவிக்கப்படலாம்; தேறாதவை ஆயுள் முழுதும் அங்கேயே வாழலாம்.

இது வெறும் கனவன்று. அண்டை நாடான இந்தோனீசியாவில், பாலித் தீவு ஹோட்டல் ஒன்றின் குளத்திலிருந்து மீட்கப்பட்ட மூன்று டால்ஃபின்கள் கடல் அடைப்பில் பழக்கப்பட்டு 2022 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டன.

ஐஸ்லாந்தின் அனுபவம் வேறு. ஷங்காயிலிருந்து 2019ல் கொண்டுவரப்பட்ட இரு பெலுகா திமிங்கிலங்களைக் குடாவுக்குப் பழக்குவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. காலமும் பணமும் ஏராளமாகத் தேவை.

எனவே, இனப்பெருக்கத்தை நிறுத்துவது முதல் படி. காட்சிகளை நிறுத்தும் முடிவோடு சரணாலயத்துக்கான இடமும் நிதியும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும். இல்லையேல், அடுத்த பூங்காவின் தொட்டிதான் காத்திருக்கும்.