பெயர் ‘பிப்டி’, எஞ்சினோ நூறு!

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அந்தச் சின்ன வண்டி நிற்கும். நெல் மூட்டை அதில்தான் போகும். உர மூட்டையும் அதில்தான் வரும். வயலுக்கு, களத்துக்கு, கொள்முதல் நிலையத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். ஊர் அதற்கு வைத்த பெயர் “டி.வி.எஸ். பிப்டி”.

பிப்டி என்றால் ஐம்பது. 1980-ல் அந்த வண்டி ஓசூரிலிருந்து வந்தபோது எஞ்சின் அளவு 50 சி.சி. பெயர் பொருத்தமாக இருந்தது. அந்த வண்டி இப்போது கடைக்கு வருவதில்லை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் அளவு 99.7 சி.சி. வண்டி மாறிவிட்டது, நம் வாயில் பெயர் மாறவில்லை.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பீர்கள். முழுகத்தான் செய்யும்!

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழாய் இருக்கிறது. அதில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அடியிலிருந்து உச்சி வரை அது ஓடும் இடத்தின் கொள்ளளவுதான் சி.சி.

சென்னைத் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் குறுக்களவு 7 சென்டிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 9 சென்டிமீட்டர். குறுக்களவில் பாதி மூன்றரை. மூன்றரையை மூன்றரையால் பெருக்கி, மறுபடி 22/7-ஆல் பெருக்கினால் 38.5. அதை 9-ஆல் பெருக்கினால் 346.5. கம்பெனிக் கணக்கு 346. விற்றது 350 என்று! பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போட்டுவிடும் கணக்கு இது. காரில் பல சிலிண்டர்கள் இருக்கும். அத்தனையையும் கூட்டவேண்டும். மாருதி 800 காரில் மூன்றும் சேர்ந்து 796 சி.சி.

சி.சி.தான் பலம் என்று நினைப்பவர்கள் அநேகர். அது சரியல்ல. மரக்கால் நெல்லை அளக்கும். உள்ளே இருப்பது மணியா, பதரா என்று சொல்லாது. எக்ஸ்.எல். 100-க்குச் சுமார் 4 குதிரைசக்தி. ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளுக்கு 97.2 சி.சி.தான், சக்தியோ சுமார் 8.

ஆனால் சட்டம் பார்ப்பது மரக்காலைத்தான். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயதுப் பிள்ளை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைத்தான் ஓட்டலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஒரு சி.சி. கூடினாலும் 18 வயது ஆகவேண்டும்.

“பிப்டிதானே, ஓட்டட்டும்” என்று சாவியைக் கொடுக்கும் தகப்பனார்களே, நீங்கள் கொடுப்பது பிப்டி அல்ல, நூறு! 2019-ல் திருத்திய சட்டம் கடுமையானது. சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், தெரிந்து கொடுத்த தகப்பனாருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

குற்றம் தகப்பனார் மேல் மட்டும் அல்ல. 50 சி.சி.க்கு உட்பட்ட புது வண்டி இன்று கடையில் கிடைப்பது அபூர்வம். 16 வயதுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓட்டத்தான் வண்டி இல்லை! வண்டி விற்கும்போதே கடைக்காரர் இதை எடுத்துச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் அளவு அதில் இருக்கிறது. 99.7 என்று இருந்தால், அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் இருக்கிறது.